சத்தம் போன முப்பது விநாடி

வெள்ளப்பாறையில் மூவாயிரத்து நூற்றிருபது பேர் இருந்த காலத்தில், கிழக்கே ஒன்றும் மேற்கே இரண்டுமாக மூன்று கிரஷர்கள் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை மலையைத் தின்று ஜல்லியாகத் துப்பிக்கொண்டிருந்த காலத்தில், பெண் கேட்டு வந்தவர்கள்கூடக் கத்தித்தான் சம்மதம் வாங்க வேண்டியிருந்த காலத்தில், மாரிக்கனி என்கிற பத்தொன்பது வயதுப் பெண் கபடி ஆட்டத்தில் எதிரணிக் கட்டத்துக்குள் பாடிப் போனாள். அவள் பாடிய அந்த மூச்சு முடிகிறவரை மைதானத்தில் சத்தம் முழுவதும் நின்றுபோனது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மணி நாலு இருபது. கிரஷர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெல்ட் சுற்றியது, தூசி எழுந்தது, லாரியில் ஜல்லி கொட்டியது. சத்தம் மட்டும் இல்லை. நடுவர் ஆவுடையப்பன் விசிலை ஊதினார், கன்னம் இரண்டும் உப்பின, ஒன்றும் வரவில்லை. இருபத்தாறு விநாடி கழித்து மாரிக்கனி மூன்று பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பியதும் எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து விழுந்தது. கூட்டம் கொஞ்ச நேரம் காதைத் தேய்த்துக்கொண்டது. பிறகு மூன்று பாயிண்ட் என்று கைதட்டியது.

இதற்குக் காரணம் என்று யாரும் அதிகம் தேடவில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர்களைச் சொந்த ஊரே ஏசும். வெளியூரில் போய் ஏச்சு வாங்கி மூச்சு உடையக் கூடாது என்பதற்காக, ஞாயிற்றுக்கிழமை பயிற்சியின்போது ஆணும் பெண்ணும் மைதானத்தைச் சுற்றி நின்று, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்து ஏசுவார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை எஸ்தர் அதைப் பாடமாகவே வைத்திருந்தாள். அவளுக்கு வயது முப்பத்து நாலு, வலது முழங்காலில் ஒரு கம்பி. தேசியப் போட்டி ஒன்றில் கூட்டத்திலிருந்து எவனோ அவளுடைய அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்த, ஒரே ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டாள். அந்தக் கணத்தில் போன முழங்கால் அது.

"ஒடம்பை நான் பாத்துக்கிடுதேன்," என்று எஸ்தர் மாரிக்கனியிடம் சொல்வாள். "மண்டைக்குள்ள நீதான் காவல் நிக்கணும். ஒவ்வொரு சத்தமும் ஒரு ஆளுன்னு வச்சிக்கோ. காதைப் பிடிச்சித் திருகி வெளிய தள்ளு. தள்ளிட்டுக் கொண்டியைப் போடு."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முதலில் அவளுடைய காலை ஏசியது, பிறகு நிறத்தை ஏசியது, பிறகு ஒருத்தி எழுந்து, "அப்பன் கல்லுக்குள்ள போனான், மக கட்டத்துக்குள்ள போறா, ரெண்டும் திரும்பி வரப்போறதில்ல!" என்று கத்தினாள். மாரிக்கனியின் அப்பா குவாரி வெடியில் போனவர். அவர் உடம்பைப் பதினேழு துண்டாகப் பொறுக்கினோம். அந்த ஏச்சை அவள் வெளியே தள்ளினாள். தள்ளிய வேகத்தில் கூட்டமும், கிரஷரும், காற்றும், கடைசியில் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும்கூட வெளியே போய்விட்டன. உள்ளே ஏழு பேரும் அவர்களுடைய கால்களும் மட்டும் இருந்ததாகப் பின்னால் சொன்னாள். எதிராளி எந்தக் காலை எடுக்கப் போகிறாள் என்பது எடுப்பதற்கு முன்பே தெரிந்ததாம்.

ஊர் தன்னைச் சரிசெய்துகொண்டது. கபடியில் பாட்டு விடாமல் கேட்க வேண்டும், மூச்சு விட்டால் ஆள் அவுட். ஆனால் மாரிக்கனி பாடுவதை யாராலும் கேட்க முடியாது. மாவட்டத்திலிருந்து சங்கத்தார் மூன்று பேர் வந்து, இரண்டு முறை டீ குடித்து, மூன்று மணி நேரம் பேசி, சத்தம் இல்லாத இடத்தில் பாட்டைக் கண்ணால் பார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன்பின் ஆவுடையப்பன் கோட்டோரம் முட்டிபோட்டு அவள் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருப்பார். குழி ஏறி இறங்கும்வரை பாட்டு உண்டு. குவாரியில் வெடி வைக்கும் முன் ஊதும் சங்கு எட்டாவது மாதம் ஒருவர் காதிலும் விழாமல் போய், ஒருவனுக்கு இடுப்புக்குக் கீழே நசுங்கியது. மறுநாளே சங்கோடு சேர்த்துச் சிவப்புக்கொடியும் ஏற்றத் தொடங்கினார்கள். பஸ் கண்டக்டர்கள் கையைத் தட்டாமல் கம்பியை உலுக்கினார்கள். இழவு வீட்டில் ஒப்பாரி வைத்த பெண்கள் சத்தம் போனதும் வாயை மூடி, சத்தம் வந்ததும் விட்ட எழுத்திலிருந்தே தொடங்கினார்கள். அவள் எத்தனை ஆழமாக உள்ளே போகிறாளோ அத்தனை தூரம் வெளியே சத்தம் போயிற்று. முதல் மாதம் மைதானத்திலிருந்து அறுபது எட்டு வைக்கும் தூரம். நாலாம் மாதம் பஸ் நிறுத்தம். எட்டாம் மாதம் மூன்று கிரஷரும் அதற்குள். ஸ்கோர் எழுதும் மேசையில் இருந்தது நான்தான் என்பதால் இது எனக்குத் தெரியும். ஆட்டத்துக்கு ஆறு பாயிண்ட் எடுத்தவள் பத்தொன்பது எடுத்தாள்.

இன்னொன்றையும் ஊர் கற்றுக்கொண்டது. ஒரு தடவை பாடிப் போவதற்கு, அதாவது ஒரு ரைடுக்கு, முப்பது விநாடி. முப்பது விநாடியில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனை என்னவெல்லாம் செய்யலாம் என்பது அதற்கு முன் எங்களுக்குத் தெரியாது. வரப்புத் தகராறில் ஒருவனுடைய கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். வெட்டு வாங்கியவன் வாயைத் திறந்து கத்தியதைப் பத்தடி தூரத்தில் முதுகு காட்டி நின்றவன் அறியவில்லை. லாரி ஷெட்டில் ஒருவன் தலையை ஸ்பானரால் பிளந்தார்கள். பால் கடைக்குப் பின்னால் ஒரு கண் போயிற்று. பதினோரு மாதத்தில் ஒரு தலை, ஒரு கை, ஒரு கண், நான் அறிந்தவரை. விசாரிக்க வந்த போலீசிடம் ஊர் ஒன்றுபோலச் சொன்னது: ஒன்றும் கேட்கவில்லை. உண்மையைத்தான் சொன்னோம். உண்மையைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் பழகினோம்.

மாரிக்கனியின் அக்கா செல்லத்தாயைக் கட்டியிருந்தவன் சொரிமுத்து, மேற்குக் கிரஷரின் மேஸ்திரி. யார் ட்ரில் பிடிப்பது, யார் வெடிக்குழியில் இறங்குவது, யார் நிழலில் நின்று சல்லடை தட்டுவது என்பதெல்லாம் அவன் விரல் காட்டுகிற இடம். அறுநூற்று நாற்பது பேர் அவன் விரலைப் பார்த்து வாழ்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் தொடங்கும்போது அவனும் மைதானத்தில் இருப்பான். முதல் சில ரைடுக்கெல்லாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். வீடு மைதானத்துக்குப் பின்னால், நூற்றுப் பத்து எட்டில்.

எங்கள் மைதானத்திலேயே ஆடித் தென்மண்டலக் கோப்பையை வாங்கிக்கொண்டு மாரிக்கனி அக்கா வீட்டுக்குப் போன அன்று, செல்லத்தாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு கையால் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குப் பதினாறு தடவ பாடிப் போனியா?"

"ஆமா. ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒம்பதாவது தடவ ரொம்ப நேரம் உள்ளயே நின்னுட்ட போல."

ஒன்பதாவது ரைடு முழுசாக முப்பது விநாடி. என் நோட்டிலும் அப்படித்தான் இருந்தது. செல்லத்தாய் முதுகில் கிடந்த சேலையை விலக்கிக் காட்டினாள். மாரிக்கனி கோப்பையைத் தரையில் வைத்தாள். கோப்பை சாய்ந்து உருண்டு அடுப்படி வரை போயிற்று.

"இனிமே நான் ஆடல."

"ஆடாட்டா விட்டுருவானா? சத்தம் இருக்க நாள்ல கையால அடிக்கான், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுருமேன்னு ஒரு கூச்சம். நீ பாடும்போது கட்டைய எடுக்கான். அம்புட்டுத்தான் வித்தியாசம். நல்லா ஆடுனா போலீஸ் வேலைக்கு எடுப்பாவன்னு சொன்னேல்லா? அத வாங்கிட்டு வா. வந்து என்னையக் கூட்டிட்டுப் போ."

"அதுவரைக்கும் நீ இருப்பியாக்கா?"

"எண்ணிக்கிட்டு இருப்பேன்."

மாரிக்கனி மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "யாராவது ஒரு ஆளு கேட்டேன்னு சொல்லணும்மா, ஒரே ஒரு ஆளு," என்றார். இடது பக்கத்து வீடு கேட்கவில்லை என்றது. வலது பக்கத்து வீடு கேட்கவில்லை என்றது. எதிர்வீட்டில் மூன்று பேர் மேற்குக் கிரஷரில் வேலை பார்த்தார்கள். அவர்கள் கதவையே திறக்கவில்லை. செல்லத்தாயைக் கையோடு கூட்டிவரப் போனபோது சொரிமுத்து வாசலில் நின்று சிரித்தான். "மச்சினி, ஒன் ஆட்டத்தால ஊருக்கே பேரு. அதக் கெடுத்துக்கிடாத," என்று சொல்லி, அவள் பார்க்கப் பார்க்க அக்காவின் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கினான். கிரஷர் சத்தத்தில் அது ஒடிந்ததும் கேட்கவில்லை.

எஸ்தர் இதையெல்லாம் கேட்டுவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எல்லாத்தையும் வெளிய தள்ளத்தான் நான் சொல்லிக் கொடுத்தேன். அதுதான் எனக்குத் தெரிஞ்சது. ஒண்ணே ஒண்ண மட்டும் உள்ள விட முடியுமாட்டி?"

"எதை?"

"ஒங்க அக்கா வீட்டை."

நாற்பத்தொரு நாள் பயிற்சி நடந்தது. இருபத்திரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஒன்று எல்லாச் சத்தமும் போயிற்று, இல்லாவிட்டால் எல்லாமே உள்ளே வந்து அவள் மூச்சை உடைத்தது. இருபத்து மூன்றாம் நாள் மாரிக்கனி பாடிப் போனபோது ஊர் முழுவதும் சத்தம் நின்று, பஸ் நிறுத்தத்துக் குழாய் சொட்டுவது மட்டும், டொக், டொக் என்று, மூவாயிரத்து நூற்றிருபது பேருக்கும் தங்கள் தலைக்குள்ளேயே சொட்டுவது மாதிரிக் கேட்டது. நாலு பெண்கள் ஓடிப்போய்க் குழாயை இறுக்கினார்கள். அப்புறம் ஒருநாள் ஒரு ஆட்டின் கழுத்து மணி கேட்டது. ஒருநாள் எஸ்தரின் முழங்கால் கம்பி. அந்த நாற்பத்தொரு நாளில் மாரிக்கனி பிடிபடாத நாள் இல்லை. ஒரு சத்தத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஆடுவது இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓடுவதுபோல இருக்கிறது என்றாள். உதடு இரண்டு முறை கிழிந்தது. ஒரு கடைவாய்ப் பல் போயிற்று. அதைத் துப்பிவிட்டு மறுபடியும் கோட்டில் வந்து நின்றாள்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் எங்கள் மைதானத்தில் வைத்தார்கள். சென்னையிலிருந்து மூன்று அதிகாரிகள் பந்தலில் உட்கார்ந்தார்கள். எதிரணி விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்திருந்தது. அதன் கேப்டன் அஞ்சலைக்குத் தோள் இரண்டும் கதவு அகலம். இந்த ஊரில் சத்தம் போகும் என்று முன்கூட்டியே கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அஞ்சலை அதைப் பற்றி எஸ்தரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நாங்க இன்னா திட்டினாலும் கேக்காதா?"

"கேக்காது."

"அப்ப வாய்க்கு ரெஸ்டு. கைதான்."

முதல் நாலு ரைடில் ஊரின் சத்தம் நின்று, முறத்தில் யாரோ அரிசி புடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ரைடு முடிந்ததும், "எவ வீட்லல புடைக்கா?" என்று சிலர் சிரித்தார்கள். சொரிமுத்து கைதட்டிவிட்டு எழுந்து போவதை நான் பார்த்தேன். ஐந்தாவது ரைடில் கதவுத் தாழ்ப்பாள் கேட்டது. ஆறாவது ரைடில் முதல் அடி.

அது எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் உடனே தெரிந்தது. மூவாயிரத்து நூற்றிருபது பேரில் ஒருவர்கூட, யார் வீடு என்று பக்கத்தில் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தோம். ஏழாவது ரைடில் பதினொரு அடி. கட்டை சதையில் விழுவது ஒரு மாதிரியும் எலும்பில் விழுவது வேறு மாதிரியும் கேட்கும். பதினொன்றில் நாலு எலும்பு. மாரிக்கனி ஒரு பாயிண்டோடு திரும்பியதும் கிரஷர் சத்தம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. கூட்டம் மழையைப் பற்றியும் லாரி வாடகையைப் பற்றியும் கத்திக் கத்திப் பேசியது. மாரிக்கனி எங்கள் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஒரே ஒரு ஆள் எழுந்திருந்தால் போதும். என் கையில் பேனா இருந்தது. நான் ஏழாவது ரைடு, ஒரு பாயிண்ட் என்று எழுதினேன். எட்டாவதிலும் எழுந்திருக்கவில்லை.

ஒன்பதாவது ரைடில் அவள் உள்ளே போன மூன்றாம் விநாடியிலேயே அஞ்சலை பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டாள். மற்றொருத்தி இடுப்பைப் பிடித்தாள். மாரிக்கனி விழுந்தாள், பாட்டை விடவில்லை, தொண்டைக்குழி ஏறி இறங்கியது. அடிக்கு நடுவே இப்போது குரலும் கேட்டது. செல்லத்தாய், போன ரைடில் மனதுக்குள் எண்ணி விட்ட இடத்திலிருந்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு எண், கூட்டல் கணக்குச் சொல்கிற பிள்ளையின் குரலில். ஒம்பது. பத்து. பதினொண்ணு. பன்னெண்டு. பிறகு ஒரு அடி விழுந்தது. எண் வரவில்லை. இன்னொன்று விழுந்தது. அதற்கும் வரவில்லை.

அஞ்சலை தலையைத் தூக்கினாள். அவளுடைய வாய் அசைந்தது. எங்கே என்று கேட்கிறாள் என்பது மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. பதினோரு மாதத்தில் எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. மாரிக்கனி பாடிக்கொண்டே மேற்கே முகத்தைத் திருப்பினாள். அஞ்சலை பிடித்த காலை விட்டாள்.

மாரிக்கனி எழுந்து எல்லைக்கோட்டைத் தாண்டினாள். அப்போது எட்டு விநாடி. பாட்டை விட்டால் கிரஷர் வந்து அக்காவின் வீட்டை மூடிவிடும், மறுபடியும் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றாகிவிடும். ஆகவே அதே ஒரு மூச்சில் அவள் ஓடினாள், பின்னால் எதிரணி ஏழு பேரும் ஓடினார்கள். பந்தலையும் சர்பத் கடையையும் தாண்டி, ஊரார் கால்களை இழுத்துக்கொண்டு விட்ட வழியில், வாயில் ரத்தமும் மண்ணும் கபடி கபடி என்கிற அசைவுமாக நூற்றுப் பத்து எட்டையும் ஓடினாள். பத்தொன்பதாவது விநாடியில் கதவு உடைவது கேட்டது.

அதன்பிறகு நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். பிடிக்கிறவர்களுக்கு ஒரு வரிசை உண்டு: முதல் ஆள் கணுக்கால், இரண்டாம் ஆள் தொடை, மூன்றாம் ஆள் இடுப்பு, மற்றவர்கள் மேலே விழுந்து மூட வேண்டும். அந்த ஏழு பேரும் வேறு எதையும் கற்றவர்கள் இல்லை. சொரிமுத்துவை ஒரு ரைடரைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்கள். கட்டை தரையில் விழுந்து உருண்டது. அவன் கத்தினான், அது ஊர் முழுவதும் கேட்டது. பிறகு எலும்புகள். வலது மணிக்கட்டில் இரண்டு, காரையெலும்பு ஒன்று, விலா மூன்று. ஆறையும் நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ண முடிந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ஆறுதான் இருந்தது. பிறகு கட்டையை யாரோ எடுக்கிற சத்தம், ஒரே ஒரு அடி, பற்கள் தரையில் சிதறும் சத்தம். அது மாரிக்கனி.

இருபத்தொன்பதாவது விநாடியில் மூச்சு முடிந்தது. கிரஷரும் காக்கையும் லாரியும் திரும்பி வந்தன. அந்தச் சத்தத்துக்குள் முதலில் எழுந்தது செல்லத்தாய்க்கு இடது பக்கத்து வீட்டுக்காரி. அவள் எழுந்த பிறகு எல்லோரும் எழுந்தோம்.

செல்லத்தாய் அடுப்படியில் கிடந்தாள். நெற்றி பிளந்து ஒரு கண் மூடியிருந்தது. மாரிக்கனி பேச மூச்சில்லாமல் அவள் பக்கத்தில் முட்டிபோட்டுக் குனிந்திருந்தாள். அஞ்சலைதான் கன்னத்தைத் தட்டினாள்.

"அக்கா. அக்கோவ். கண்ணத் தொற."

ரொம்ப நேரம் கழித்து உதடு அசைந்தது.

"பதிமூணு," என்றாள் செல்லத்தாய். "பதினாலு." பிறகு ஒற்றைக்கண்ணால் தங்கையைப் பார்த்தாள். "ஆட்டம் முடிஞ்சிட்டா?"

"இல்லக்கா," என்றாள் அஞ்சலை. "இன்னும் பதினோரு நிமிசம் கீது."

"அப்ப இங்க என்ன பண்ணுதிய எல்லாரும்?"

இன்ஸ்பெக்டர் வந்து, கேட்டவர்கள் யார் என்று விசாரித்தபோது மேற்குக் கிரஷர் ஆட்களும் சேர்ந்து வரிசையில் நின்றார்கள், எழுதித் தீரவில்லை. செல்லத்தாயின் தலையில் எஸ்தர் துண்டைக் கட்டினாள். வண்டி வரட்டும், அதுவரை ஆட்டத்தைப் பார்க்கிறேன் என்று செல்லத்தாய் சொல்ல, நாலு பேர் அவளைத் தூக்கிவந்தார்கள். பந்தலில் அதிகாரி ஒருவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். பதினோரு மாதத்தில் தங்கையின் ஆட்டத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அந்த ஆட்டத்தில் தோற்றோம், இருபத்தொன்பதுக்கு முப்பத்து நாலு. அஞ்சலையை மாநில அணிக்கு எடுத்தார்கள், மாரிக்கனியை அந்த வருடம் எடுக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆட்டத்தை மறுபடி தொடங்க ஆவுடையப்பன் கையைக் காட்ட, மாரிக்கனி கோட்டில் வந்து நின்றாள். ஊர் முழுவதும் பேச்சை நிறுத்திச் சத்தம் போவதற்காகக் காத்திருந்தது. அவள் கோட்டைத் தாண்டினாள். சத்தம் போகவில்லை. மூன்று கிரஷரும் அரைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில், கிழிந்த உதட்டிலிருந்து, தேய்ந்து உடைந்த ஒரு சின்னக் குரல் வந்தது. மாரிக்கனி பாடினால் இப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் அன்றைக்குத்தான் அறிந்தோம். எதிரே ஏழு பேரும் இரக்கம் எதுவும் இல்லாமல் கையை விரித்து நின்றார்கள். பாதிக் கட்டத்தில் அவள் குரல் தடுமாறியது, மூச்சு சிக்கியது.

நாற்காலியிலிருந்து செல்லத்தாய், துண்டு நனைந்து கழுத்தில் வழிய, இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினாள்:

"சத்தமாப் பாடுட்டி!"

மாரிக்கனி சத்தமாகப் பாடினாள். பாடிக்கொண்டே உள்ளே போனாள்.